சலவைக்கூடத்தில் ஓர் உளவாளி

கழிவறைக்குள் உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தங்கச்சி, வயிறு இன்னும் சரியாகலையா? காலையிலேர்ந்து இது நாலாவது தடவை!"

துணி மடிக்கும் அக்காவின் குரல். ஆராய்ச்சி மாணவி நோட்டை இடுப்பில் செருகி, முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. உண்மையில் அவள் வந்தது சமூகவியல் ஆய்வுக்காக. வேலை செய்யும் இடத்தில் ஆட்கள் நிஜமாக யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

"நீ கவனிக்கிறது தெரிஞ்சா எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் உன் ஆய்வு குப்பைக்கூடைக்குத்தான்" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அக்கா மாத்திரையும் வெந்நீருமாகக் கழிவறை வாசலிலேயே காவல் நின்றதால், அவள் துணிகளில் குத்தும் சீட்டுகளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். அதில் ஒன்று ஒரு விரிப்போடு இஸ்திரி மேஜைக்குப் போய்விட்டது.

இஸ்திரி போடும் அண்ணன் உரக்கப் படித்தார்: "மேனேஜர் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. அக்கா இருமினார். எல்லோரும் எழுந்தார்கள்."

கையெழுத்தைப் பார்த்ததும் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"முதலாளி விட்ட ஆளுடா!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அவ்வளவுதான். ஆறு மணிக்கு முடிகிற வேலை மூன்று மணிக்கே முடிந்தது. மேனேஜர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

ஐயோ, ஆய்வு போச்சே! அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எப்பவும் போல மெதுவா செய்யுங்கக்கா."

"ஆழம் பாக்குறா" என்று அக்கா அண்ணனிடம் கண்ணைக் காட்டினார். மறுநாள் இரண்டு மணிக்கே முடிந்தது.

தானும் சாதாரண ஆள்தான் என்று காட்ட ஒரே வழி, வேலையைக் கெடுப்பது. வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்பு மேஜைத்துணியைப் போட்டு மெஷினைச் சுழலவிட்டாள். நாற்பது விரிப்பும் ரோஜா நிறத்தில் வந்தன. அவற்றை அப்படியே அறைகளுக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் மேனேஜர் ஓடி வந்தார். "யார் பண்ணின வேலை இது?"

அவள் சந்தோஷமாகக் கையைத் தூக்கினாள்.

"பிரமாதம்மா! புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு, இதே மாதிரி விரிப்பு வீட்டுக்கும் வேணும்னு நச்சரிக்குது. வேலையும் நீ வந்ததிலேர்ந்து பறக்குது. இன்னையிலேர்ந்து நீதான் சூப்பர்வைசர்!"

மேனேஜர் போனதும் கூடத்தில் வேலை செய்யும் மற்ற ஐந்து பேரும் எழுந்து கைகட்டி நின்றார்கள். அக்காகூட இருமவில்லை.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் முதலாளி ஆள் இல்லக்கா! காலேஜ்ல சமூகவியல் ஆராய்ச்சி பண்றேன். கவனிக்கிறது தெரிஞ்சா எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சுடுவாங்கன்னு எங்க பேராசிரியர்தான் சொல்லாம உங்களோட இருந்து பாத்து எழுதச் சொன்னார். இப்ப எல்லாமே பாழாப்போச்சு. நான் ஏமாத்தினது தப்புதான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் மூலையில் வாயே திறக்காமல் பொத்தான் தைத்துவந்த அம்மா, நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"அட, இவ்வளவுதானா! வீணா பயந்தோமே... நாங்க அஞ்சு பேரும் அதே சார் அனுப்பி, அதே ஆராய்ச்சிக்கு வந்தவங்கதாம்மா."