மீட்டிங் அண்ணை வீட்டுப் பொதுக்கூட்டம்

ஒஸ்லோவில் எத்தனையோ தமிழ்த் தகப்பன்மாரை எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்தவர் உண்டு. வீடு வாங்கிக் கொடுத்தவர் உண்டு. கேட்காமலே மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவரும் உண்டு. ஆனால் பெற்ற பிள்ளைகளுக்கு வாக்குரிமை கொடுத்த மடையர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மீட்டிங் அண்ணை.

ஒஸ்லோவின் குரோருட் பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார். தொழில், பஸ் ஓட்டுவது. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராக ஒருவரும் முன்வராத ஒரு வருடம், கூட்டத்தில் சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கிய மனிதரைப் பிடித்துத் தலைவராக்கிவிட்டார்கள். அன்றோடு ஆள் மாறிப்போனார். நிகழ்ச்சிநிரல், முன்மொழிவு, வழிமொழிவு, வாக்கெடுப்பு என்று நோர்வேக்காரர் கூட்டம் நடத்தும் முறையில் அவருக்கு அப்படியொரு மயக்கம். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவதா வேண்டாமா என்று ஒரு பின்னேரம் முழுக்க ஒருவரையொருவர் திட்டாமல் கதைத்ததைப் பார்த்து மனிதர் கண்கலங்கியே விட்டார்.

அடுத்த தை மாதம் அந்த வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்தார். வருடம் பிறந்து முதல் சனிக்கிழமை குடும்ப வருடாந்தப் பொதுக்கூட்டம். பிள்ளைகளை எத்தனை மணிக்கு எழுப்புவது, என்ன படிப்பிப்பது, எதைத் தின்ன வைப்பது, எல்லாமே வாக்கெடுப்பில் முடிவாகும். வாக்கெண்ண ஒரு ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, நீர் வெளியாள். உம்மட்டை ஓரவஞ்சனை இராது."

நான் போனது அவர் மனைவி சாந்தியக்காவின் இஞ்சித் தேத்தண்ணிக்காக. அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் கூட்டத்தின் இலக்குகளைக் கேட்டால் உங்களுக்கே மூச்சு வாங்கும். எல்லோரும் விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், எழும்பி ஓட வேண்டும், பிறகு கணக்கு, பிறகு மிருதங்கம், அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம். மகள் ஆரணியும் மகன் கவினும் எதிர்த்து வாக்களித்தார்கள். தாயும் தகப்பனும் ஆதரவு. இரண்டுக்கு இரண்டு.

"சமன் எண்டால் தலைவற்றை வாக்குத்தான் முடிவு" என்று சொல்லி அண்ணை இன்னொரு தரம் கையைத் தூக்கினார்.

"இது அநியாயம் அப்பா!" கவின் அழத் தொடங்கிவிட்டான்.

"அநியாயமில்லை மோனை. விதிமுறை."

விதிமுறைப்படி திங்கட்கிழமை விடியற்காலை ஓடப்போனார்கள். பாதையெல்லாம் பனி உறைந்து வழுக்கிக்கொண்டு கிடந்தது. முதலில் ஓடியவர் தலைவர், முதலில் விழுந்தவரும் தலைவர். காலில் பிளாஸ்டரோடு சோபாவில் படுத்தபடியே அவசரக் கூட்டம் கூட்டி, ஓட்டத்தைக் கோடைகாலம்வரை ஒத்திவைத்தார்.

பிறகொருநாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. பிள்ளைகளுக்கு நடக்கக்கூடிய இலக்காக வையுங்கள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கு அவர் பாவித்த நோர்வேச் சொல்லை அண்ணை வாயில் போட்டு மென்றுகொண்டே படியேறி வந்தார்.

"தங்கச்சி, இனி எங்கடை வீட்டிலை எல்லாம் ரியலிஸ்டிஸ்க்!"

அதன்படி, ஆரணி இதய சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்றிருந்த இலக்கு, வெறும் டொக்டர் என்று திருத்தப்பட்டது. கணக்குப் படிக்கும் நேரத்தில் கால் மணித்தியாலம் குறைந்தது. இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்குப் பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் தட்டவில்லை.

இத்தனை இலக்கு வைத்த மனிதர் வீட்டில் இருந்ததே இல்லை. பகலில் பஸ், பின்னேரத்தில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு, ஞாயிற்றுக்கிழமையும் மேலதிக வேலை. எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானாம். இந்தக் கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்காக நாடுவிட்டு நாடு வந்து, பிள்ளைகளுக்காக மாடாய் உழைத்து, அந்தப் பிள்ளைகளை நித்திரையில் மட்டும் பார்த்த தகப்பன்மாரால் இந்தப் பள்ளத்தாக்கே நிறைந்து கிடக்கிறது.

ஆரணிக்குப் பதின்மூன்று வயதான வருடம். கூட்டத்தில் அவள் எழும்பி நின்றாள்.

"நான் ஒரு முன்மொழிவு வைக்கிறன். ஞாயிற்றுக்கிழமையிலை அப்பா வேலைக்குப் போகாமல் எங்களோடை இருந்து மத்தியானம் சாப்பிடவேணும். சாப்பிடேக்கை சோதனை மார்க்ஸைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

"ஞாயிறுதான் பிள்ளை சம்பளம் கூட. உது நடக்கிற காரியமே?"

"ரியலிஸ்டிஸ்க்தான் அப்பா. கிழமைக்கு ஒரு சாப்பாடு."

ஆரணி கையைத் தூக்கினாள். கவின் தூக்கினான். மூன்றாவதாக, கரண்டியும் கையுமாக, சாந்தியக்கா தூக்கினார். மூன்றென்று நான் எண்ணிச் சொல்ல, அண்ணை குறித்துக்கொண்டார். பிறகு எழும்பிப் போய் மகளுக்குக் கை கொடுத்தார்.

"ஜனநாயகம் எண்டால் இதுதான்" என்றார். அன்றைக்கு அவரை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் ஞாயிறு நடந்ததைச் சாந்தியக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல் டொக்டரிடம் வந்தவர் மாதிரி அண்ணை முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தாராம். சோதனை மார்க்ஸை விட்டால் பிள்ளைகளோடு வேறு என்ன கதைப்பதென்று தெரியவில்லை.

"போஞ்சிக்கறி எப்பிடி?"

"நல்லம்."

"ஓ." கொஞ்சநேரத்தால், "சோறு?"

ஆனால் மூன்றாவது ஞாயிறு கதை வேறு. ஒரு கடமான் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்று வழிவிடாமல் அடம்பிடித்ததை அண்ணை எழும்பி நின்று நடித்துக் காட்ட, கவின் சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுக்கே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை வேலையிடத்திலிருந்து போன் வந்தது. யாருக்கோ சுகமில்லை. "இந்த ஒரு கிழமைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த கிழமையும் ஒரு கிழமைதான். ஈஸ்டர் வருவதற்குள் மேசையில் அவருக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

மறுவருடக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அண்ணை கதவைத் தட்டினார்.

"போன வருஷத் தீர்மானத்தை முதல்லை செய்யுங்கோ அப்பா. பிறகு வாறம்" என்று ஆரணியின் குரல் மட்டும் வந்தது.

என்னையும் வெறுங்கதிரைகளையும் பார்த்து, "போதிய ஆக்கள் வராதபடியால் கூட்டம் கலைக்கப்படுகுது" என்றார் அண்ணை, முறைப்படி. எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணியும் குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

இப்போது ஆரணி நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் பொறியியலாளர். நாட்டைவிட்டுப் போகாமல் அப்பாவிடமிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ, அவ்வளவு தூரம். கவின் இதே நகரத்தில்தான் இருக்கிறான். பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ் வரும். அண்ணை முதுகுவலியால் வேலையை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்போது அவருக்குச் சொந்தம், என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இந்தத் தை மாதம் என்னைத் திரும்பவும் கூப்பிட்டார். சாந்தியக்கா ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். இந்த வருடத்துக்கு ஒரே ஒரு இலக்குத்தான்.

"ஆரணி போன் எடுத்தால், கேள்வி கேளாமல், புத்தி சொல்லாமல், அவள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது."

"உங்களாலை ஏலுமோ அண்ணை?"

"கஷ்டந்தான்."

சனிக்கிழமைகளில் அவள் தாயோடு கதைப்பது வழக்கம். அன்றைக்கும் எடுத்தாள். சாந்தியக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தார். அங்கே இன்னும் சூரியன் வரவில்லையாம், காற்று ஜன்னலைப் பிய்க்கிறதாம், நேற்று ஒரு கலைமான் வாசலில் வந்து நின்றதாம். "ஓம் பிள்ளை... அப்பிடியோ... ஓம்" என்றுகொண்டிருந்தார் அண்ணை. அவள் சின்னதாகச் சிரித்ததுகூடக் கேட்டது. சாந்தியக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சம்பளம் கூட்டினவங்களே?" என்று கேட்டுவிட்டார் அண்ணை.

அந்தப் பக்கமிருந்து உடனே, "எனக்கு வேலை இருக்கப்பா. வைக்கிறன்."

அண்ணை போனை மேசையில் வைத்தார். "தன்பாட்டிலை வந்திட்டுது தங்கச்சி" என்றார், களவில் பிடிபட்டவர் மாதிரி.

"அடுத்தமுறை அவள் எடுக்கேக்கை வாயிலை ஒரு ரோல்ஸை வையுங்கோ."

நான் எரிச்சலில் சொன்னேன். மனிதர் உண்மையாகவே ஒரு ரோல்ஸை முழுசாக வாய்க்குள் தள்ளி, கன்னம் இரண்டும் உப்ப, "ஓம்... ஓம்..." என்று சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை அடுத்த கிழமையும் எடுக்க வேண்டும், எடுத்து "அப்பாட்டைக் குடுங்கோ" என்று கேட்க வேண்டும் என்று, சாமி கும்பிடாத நான் வேண்டிக்கொண்டு படியிறங்கினேன்.