சிக்னல் அண்ணாச்சி நடத்திய உளவுத்துறை

அந்தமானில், போர்ட் பிளேரில் ஓர் உளவுத்துறை இருந்தது, அதன் தலைமையகம் ஜங்லிகாட் பகுதியில் எங்கள் பேச்சலர் மெஸ்ஸின் கேரம் போர்டு என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தத் துறையின் தலைவர், எதிரி நாட்டு அதிபர், அந்த அதிபரின் காவல்காரன், காவல்காரனின் நாய் எல்லாம் ஒரே ஆள்தான். எங்கள் சிக்னல் அண்ணாச்சி.

அறுபதுகளின் கடைசி அது. தூத்துக்குடிக்காரரான அண்ணாச்சிக்குத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கொடியசைத்துச் செய்தி சொல்லும் வேலை. கொடி இல்லாவிட்டாலும் கை சும்மா இருக்காது. சாப்பாட்டுக்கு இன்னும் ஒருத்தர் வருகிறார் என்பதை மேட்டில் நின்று இரண்டு கையையும் வீசி மெஸ் சமையல்காரருக்குத் தெரிவிப்பார். ஏதோ காக்கை விரட்டுகிறார் என்று சமையல்காரர் உள்ளே போய்விடுவார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தண்ணீர்ச் சாம்பார்தான்.

மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப் போகும். கப்பல் வராவிட்டால் பேப்பர் இல்லை, கடிதம் இல்லை, புதுப் படம் இல்லை, உருளைக்கிழங்குகூட இல்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் தாமஸையும் கேரம் போர்டின் முன்னால் உட்கார வைத்தார். நான் ஓர் ஆபீஸில் கிளார்க். தாமஸ் மலையாளி, கட்டடங்களுக்குப் படம் வரைகிறவன்.

"ஏலே, நீங்க ரெண்டு பேரும் உளவாளி. எதிரி நாட்டுல எறங்கிட்டிய. என்ன செய்யுதிய, சொல்லுங்க."

நாங்கள் செய்வதை நாங்கள் சொல்ல வேண்டும். எதிரே வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் பேசுவார். ஆனால் சொன்ன காரியம் பலித்ததா இல்லையா என்று எதை வைத்து முடிவு கட்டுவது? அந்த மழைக்காலம் முழுக்க அதில்தான் சண்டை.

முதலில் கேரமையே வைத்தார். காய் குழியில் விழுந்தால் காரியம் ஜெயம். தாமஸ் கேரமில் சூரன். டீ வருவதற்குள் எதிரியின் ரகசிய வரைபடம், பெட்டகச் சாவி, நீர்மூழ்கிக் கப்பல், அதிபரின் மீசை வரை அள்ளிவிட்டான். "இனி எந்தா அண்ணாச்சி பாக்கி?" என்று கேட்டான்.

"நாடே தீந்துபோச்சுலே" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

அடுத்து சீட்டுக்கட்டு. பெரிய சீட்டு எடுத்தவனுக்கு வெற்றி. கைக்குச் சீட்டு வந்த கொஞ்ச நேரத்தில் உளவாளிகள் இருவரும் ரம்மிக்குப் போய்விட்டோம். அண்ணாச்சி மட்டும் எதிரி நாட்டில் தனியாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தாயக்கட்டை. தாயம் விழாமல் காய் வெளியே வரக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். அதை அப்படியே உளவுத்துறைக்கும் போட்டுவிட்டார். எனக்குத் தாயம் விழவில்லை. எதிரி நாட்டு ஓட்டல் குளியலறையில் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன்.

"அண்ணாச்சி, கதவையாவது தெறந்து பாக்கறேனே."

"தாயம் போடாம கதவு எப்படிலே தொறக்கும்? சட்டம்னா சட்டம்."

தாமஸுக்குத் தாயம் விழுந்தது. எதிரி நாட்டிலிருந்து தப்பி டில்லிக்கு வந்தான்; அங்கேயும் போலீஸ் அவனைத் துரத்தியது. "ஞான் துறைமுக ஜெட்டியில போயி கப்பல் வர வரைக்கும் ஒளிஞ்சிருப்பேன்" என்றான். கப்பல் என்றைக்கு என்று முதலில் விசாரிக்கும்படி நான் யோசனை சொன்னேன். டிக்கெட் கிடைப்பது கஷ்டம் என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். டில்லியில் கடல் இல்லை என்பதும், ரயில் என்று ஒன்று உலகத்தில் ஓடுகிறது என்பதும் டீ குடிக்கும்போதுதான் எங்கள் மூவருக்கும் நினைவுக்கு வந்தன.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு அரிசிக்கடை சலீம் பாய் ஒருநாள் தாமும் ஆட வந்தார். ஐம்பதைத் தொட்டவர், போர்ட் பிளேரிலேயே பிறந்தவர். ஆனால் மெட்ராஸ் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "அரே, மெட்ராஸ்ல நமக்குத் தெரியாத சந்து உண்டா?" என்பார்.

"டில்லி கில்லி வேணாம் அண்ணாச்சி" என்றார் பாய். "நான் மெட்ராஸ் ஹார்பர்ல எறங்குறேன். கூட ஒரு பொம்பள. அவங்களுக்குக் கண்ணு தெரியாது. கண்ணாஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேக்கணும். சரிதானே, டீக் ஹை?"

அந்தப் பெண் ஒரு பெரிய விஞ்ஞானி என்று அண்ணாச்சி அங்கேயே முடிவு செய்து குஷியாகிவிட்டார். கட்டை உருண்டது. தாயம் இல்லை. மறுபடியும் இல்லை.

"ஹார்பர் கேட்டுலயே புடிச்சிட்டானுவ பாய். நீரு அவுட்டு."

சலீம் பாய் எழுந்துவிட்டார். "என்னங்க இது! கட்டை விழலேன்னா எம் பொண்டாட்டிய யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

அவரே உட்கார்ந்து, கேரம் போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கண்ணுல புரை. மெயின்லேண்டுதான் போவணும்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்த கப்பல்ல டிக்கெட்டும் போட்டாச்சு. நான் மெயின்லேண்டயே பாத்ததில்ல அண்ணாச்சி."

கடைச் சரக்கெல்லாம் மெட்ராஸிலிருந்து ஏஜெண்ட் அனுப்ப வந்து சேரும். மெட்ராஸ் சந்துகளும் அப்படிச் சரக்கோடு சரக்காக வந்த பேச்சுதான். இத்தனை வருஷம் அளந்துவிட்டு இப்போது யாரிடம் போய் வழி கேட்பார்? எனக்குப் பாவமாக இருந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. தாயக்கட்டையை எடுத்து ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தார். "கட்டையும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். பாய், இனி இதான் சட்டம். என்ன நடக்குன்னு நான் சொல்லுவேன். அடுத்து என்ன செய்யுதீருன்னு நீரு வாயத் தொறந்து சொல்லணும். புத்தியாச் சொன்னா தாண்டிருவீரு. முழிச்சா மாட்டிக்கிடுவீரு."

கப்பல் வரும்வரை தினம் சாயங்காலம் ஆட்டம். அண்ணாச்சி போர்ட்டராக வந்து பெட்டியைப் பிடுங்கினார். ரிக்‌ஷாக்காரராக வந்து மிரட்டினார். "ஒங்க மாமா அனுப்பிச்சாரு" என்று தேனொழுகப் பேசிக்கொண்டு மோசடிக்காரராகவும் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "பாய், அடுத்து என்ன செய்யுதீரு?" முதல் நாள் பாய் பெட்டி, பர்ஸ், விஞ்ஞானி மூன்றையும் தொலைத்தார். மூன்றாவதைத் தொலைத்தது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போகப் போகத் தேறிவிட்டார்.

"கேட்டத் தாண்டினதும் எவன் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கப்படாது. பாரி முனைக்கு வந்து டிராம்ல ஏறி ஒக்காந்துட்டீருன்னா அப்புறம் நீருதான் ராஜா" என்பது அண்ணாச்சியின் கடைசிக் கட்டளை.

கப்பல் புறப்பட்ட அன்று அண்ணாச்சி விடாமல் கொடி வீசிக்கொண்டிருந்தார். என்ன செய்தி என்று தாமஸ் கேட்டதற்கு, "நல்லபடியா திரும்பி வாரும்னு பாய்க்குப் போட்டேன்" என்றார். கேப்டன் தன்னைத்தான் திரும்பி வரச் சொல்கிறார்கள் என்று குழம்பி வேகத்தைக் குறைத்ததாகத் துறைமுகத்தில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார்கள். பாயின் மனைவி தடித்த கண்ணாடி வழியாக அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார். "இவங்கதானா சிக்னல்? கடையில கொரலக் கேட்டு ஆறடி ஆளுன்னுல்ல நெனச்சேன்!"

அண்ணாச்சிக்கு அது காதிலேயே விழவில்லை. "பாய், டிராம் கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணாச்சி. ஜன்னலோர சீட்டே கெடச்சுது."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாய் அவரைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் அம்மாள். "நல்ல காத்து."

மறுநாள் கடையில் பாய் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். "அந்த ஊருல டிராமே இல்ல தம்பி. எடுத்து எத்தனையோ வருஷமாச்சாம். கேட்டா சிரிக்கிறானுங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பப் பாத்து காதுக்குள்ள நம்ம அண்ணாச்சி, 'பாய், அடுத்து என்ன செய்யுதீரு'ங்கிறார். பஸ்ஸுல ஏறுறேன்னு சத்தமாவே பதில் சொன்னேன். ஏறிட்டோம்."

அண்ணாச்சி மெட்ராஸில் கப்பலேறியபோது டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் மெயின்லேண்டுக்குப் போகவே இல்லை. தேடிப் போக அங்கே அவருக்கு யாரும் இல்லை. நானும் தாமஸும் கல்கத்தா வழியாக வந்தவர்கள்; அங்கே பார்த்த டிராம் மெட்ராஸிலும் இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்டத்தில் அதன் பிறகும் பல வருஷம் மெட்ராஸில் டிராம் ஓடியது. உளவாளி சலீம் பாய்க்கு எப்போதும் ஜன்னலோரம்தான்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. ஜெட்டிக்கு வழியனுப்ப வந்த அண்ணாச்சி என் பெட்டியைக் கையில் கொடுத்து, "கேட்டத் தாண்டினதும் திரும்பிப் பாக்காதலே. நேரா போயி டிராம்ல ஏறிரு" என்றார். சரி அண்ணாச்சி என்றேன்.

ஹார்பர் கேட்டைத் தாண்டி, யார் கூப்பிட்டும் திரும்பாமல், பாரி முனைக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்தேன். பஸ்கள் வந்து வந்து போயின. டிராம் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றேன். ஏறச் சொன்னவர் அண்ணாச்சி அல்லவா.