கரி பிடிக்காத எண்ணெய்

கயலு, முத்து, எண்ணெய் வாங்க மட்டும் அம்மா ஏன் என்னைக் கடைக்கு அனுப்புவதில்லை என்று கேட்டீர்கள். அவளிடம் விட்டால் கூட்டிச் சொல்வாள். நானே எழுதிவிடுகிறேன்.

கயலு அப்போது கைக்குழந்தை. கேரளத்தில் ஏலப்பாறைப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். ஃபேக்டரி இன்றைக்கு மூடுமா நாளைக்கு மூடுமா என்றிருந்தது. பக்கத்து பங்களாவை வாங்கி ரிசார்ட் ஆக்கியிருந்தார் குரியன் சார், விமான இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். விருந்தாளிகளுக்கு ஓட்டிக் காட்ட, பழங்கால ஏரோப்ளேன் இஞ்சின் ஒன்றை இரும்புச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார். நம்ம ஜீப் இஞ்சின் மாதிரி அது உட்கார்ந்து வேலை செய்யாது. விசிறியோடு சேர்ந்து சிலிண்டர்களும் சுற்றும். (பார்த்தால் நமக்கும் தலை சுற்றும்.)

"இது ஒழுங்கா ஓடட்டும் மாரியப்பா, இங்கே நிரந்தரமா நீதான் மெக்கானிக்" என்றார் சார். மனசுக்குள் யூனிஃபார்மே தைத்துவிட்டேன்.

அந்த இஞ்சினுக்குள் பெட்ரோலும் எண்ணெயும் கலந்தே போகும். சாதாரண ஆயில் பெட்ரோலில் கரைந்துவிடும், ஆமணக்கு எண்ணெய்தான் கரையாமல் நிற்கும்.

"நல்ல ஆவணக்கெண்ண வாங்கிட்டு வா. அடிட்டிவ் சேர்த்தது கிடைச்சா ரொம்ப நல்லது."

"அடிட்டிவ்னா சார்?"

"சூட்டுல எண்ண கரியும் பிசினுமா ஆகாம இருக்கச் சேர்க்கிற சரக்கு."

மலையாளத்தில் ஆவணக்கெண்ண என்றால் நம்ம வீட்டு விளக்கெண்ணெய். அது எனக்குத் தெரியும். (தெரிந்ததுதான் வினை.) நேரே மலையாளிக் கடைக்குப் போனேன்.

"சேட்டா, விளக்கெண்ண ஒரு கேன்."

"சாதாவோ, சந்தனம் சேர்த்ததோ?"

"சேர்த்ததுல என்ன விசேஷம்?"

"புகையில்லா. கரி பிடிக்கில்லா."

இதைத்தானே சார் சொன்னார்! சந்தனத்தையே எடுத்தேன். லேபிளில் மலையாள எழுத்து, நமக்கு ஓடாது. குத்துவிளக்குப் படம் மட்டும் புரிந்தது. விளக்கெண்ணெய்க்கு விளக்குப் படம் போடாமல் வேறென்ன போடுவான்?

விருந்தாளிகள் கூடினார்கள். இஞ்சின் சுற்றியது. எரியாத எண்ணெயை வாரித் தெளிப்பது அதன் பழக்கம். தெளித்தது. முன்னால் நின்ற ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "சந்தன வாசம் வருதே, உள்ளே கோயில் இருக்கா?"

அப்புறம் கிறீச் என்று ஒரு சத்தம். சட்டம் மொத்தமும் குலுங்கி, இஞ்சின் இறுகி நின்றது.

சார் கேனைத் தூக்கிப் பார்த்தார். "எந்தாடா இது?"

"விளக்கெண்ணெய் சார்."

"அதேதான்! கோயில் விளக்குல ஊத்துற எண்ண! நான் சொன்னது ஆவணக்கெண்ண!"

"எங்காளுக அதைத்தான் சார் விளக்கெண்ணெய்ம்பாக."

இஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ ஃபேக்டரிக்கே போய்க்கோ, மாரியப்பா."

வீட்டில் சொன்னேன். உங்கம்மா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவே இல்லை. "விளக்கெண்ண... கல்யாணமான மறுநாளே நான் கண்டுபிடிச்சிட்டேன்."

ஃபேக்டரி எப்படியோ பிழைத்தது, நானும்தான். முத்து, இனி ஜீப் கிளம்பாவிட்டால், "அப்பா, சந்தனம் ஊத்தலாமா?" என்று நீ கேட்பாய், தெரியும். ஊற்றிப் பார்த்தவன் நான்தானே!

அம்மாவுக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் மிச்சக் கேனைத் தூக்கிக்கொண்டு நாம் குடியிருந்த லயத்துக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போனேன். விளக்கில் ஊற்றித் திரியைப் பற்ற வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

கடைக்காரர் சொன்னது சரிதான். கரியே பிடிக்கவில்லை.