கொடி இருந்த இடம்

திரை திறந்திருக்க வேண்டும் என்பது மச்சானின் கட்சி. மூடியிருக்க வேண்டும் என்பது மனைவியின் கட்சி. இரண்டுக்கும் நடுவே திரைக்கயிற்றைப் பிடித்தவாறு நின்றிருந்தார் அருங்காட்சியகக் காப்பாளர்.

திரைக்குப் பின்னே தொங்கியது பழைய படையொன்றின் கொடி. கத்திரிப்பூ நிறத்தில் வெறும் துணி. சின்னமோ எழுத்தோ கிடையாது. அப்படை ஊரின் ஒரு பாதியைக் காப்பாற்றியது, மறுபாதியைக் கொளுத்தியது. தாய்வழிப் பாட்டனாரின் எரிந்த வீட்டைச் சொல்லி, மனைவி கொடி எதிர்ப்புக் குழுவின் தலைவியானாள். தந்தைவழிப் பாட்டனாரின் தப்பித்த வீட்டைச் சொல்லி, அவளுடன் பிறந்த அண்ணன் ஆதரவுக் குழுவின் தலைவரானார். இருவருக்கும் மதிய உணவு என்னவோ காப்பாளர் வீட்டில்தான்.

"வரலாறு என்ன புதுப்பொண்ணா மாப்பிள்ளை, திரை போட்டு மறைக்க?"

"கொளுத்தினவன் கொடியைத் தொங்கவிட இது என்ன உன் மாமனார் வீடா அண்ணா?"

தொலைபேசி ஒலித்தது. மேலதிகாரி.

"சாயங்காலத்துக்குள்ள சண்டை தீரணும். இல்லன்னா கூடத்தைப் பூட்டிடுவோம். நீங்க கிடங்குக்குப் போய்ப் பழைய நாற்காலிகளைக் காவல் காக்கலாம்."

காப்பாளர் நியாயமானதொரு முடிவை அறிவித்தார்: முற்பகல் திறப்பு, பிற்பகல் மறைப்பு. இரு குழுவினரும் சரியாக நண்பகலில் வந்து, கயிற்றை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தனர். கயிறு அறுந்தது. திரை மச்சானின் தலைமேல் விழுந்தது.

வேறு வழியின்றிக் கொடியையே கழற்றி, மடித்து, அருகிலிருந்த முக்காலிமேல் வைத்தார் காப்பாளர். சுவரெல்லாம் அழுக்கேறியிருக்க, கொடி இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளைச் செவ்வகமாகத் தெரிந்தது.

"என்னங்க இது? கொடியைவிட இதுதான் கண்ணைக் குத்துது!" என்றாள் மனைவி.

வெளியே கதவுகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெயின்டரைக் கூவி அழைத்தார் காப்பாளர்.

"இந்த அடையாளம் தெரியவே கூடாது. என்ன கலர், ஏது கலர்னு என்னைக் கேக்காதீங்க. எல்லாம் கண் முன்னாடியே இருக்கு, பாத்துச் செய்யுங்க."

பெயின்டர் சுவரைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். "புரிஞ்சுது சார்."

அலுவலக அறையில் தேநீர் வந்தது. வாதம் நீண்டது. தொண்டை வறண்டபின் மச்சான் மெதுவாகச் சொன்னார்:

"கொடி போனா போகட்டும். அந்த வெள்ளை இடம் இருக்கட்டும். அதைப் பாத்து, 'இங்க என்ன இருந்துச்சு'ன்னு பிள்ளைங்க கேப்பாங்க. நாங்க சொல்லிக்கிறோம்."

மனைவி சற்று யோசித்தாள். "'ஏன் எடுத்தாங்க'ன்னும் கேப்பாங்க. அதை நாங்க சொல்லிக்கிறோம்."

தன் கோப்பையிலிருந்த தேநீரில் பாதியை அண்ணனின் கோப்பையில் ஊற்றினாள். மச்சான் கண்களைத் துடைத்துக்கொண்டார். காப்பாளர் பெருமிதத்துடன் தொலைபேசியை எடுத்தார்.

"தீர்ந்துடுச்சு சார்! சுவர் மட்டும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணுமாம். வேற ஒண்ணுமே வேணாமாம்!"

"சபாஷ்! நானே கிளம்பி வந்து பாக்கறேன்."

தொலைபேசியை வைத்த பிறகே காப்பாளருக்கு எதுவோ உறைத்தது. அவர் எழுவதற்குள் கதவு திறந்தது. கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார் பெயின்டர்.

"முடிஞ்சுது சார்! மாதிரிக்குன்னு முக்காலி மேல துணி வச்சிருந்தீங்களே, இம்மி பிசகாம அதே கலரை நாலு சுவத்துக்கும் அடிச்சுட்டேன்!"