பொலிஸ் கொப்பியில் என் கணவாய்க் கறி

பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதெல்லாம் சட்டம் என்று நம்பியவன் நான். அதனால்தான் ஒருமுறை பொலிஸ் நிலையத்தில் என் சமையலைப் பற்றி வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தது.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி கனடா போய் ஐந்து மாதம். இறுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாம் வெளிநாட்டில்; பூட்டாத வீடு என்னுடையது மட்டும்தான். அந்த நேரத்தில் மருமகன் இரண்டு வோக்கிடோக்கி அனுப்பியிருந்தார். 'அனுமதிப்பத்திரம் தேவையில்லை' என்று பெட்டியில் இருந்தது. (எந்த நாட்டில் என்று நான் பார்க்கவில்லை.)

ஒன்றைக் கடற்றொழிலுக்குப் போகும் சூசை அண்ணையிடம் கொடுத்தேன்.

"கடலில என்னண்டாலும் கூப்பிடுங்கோ அண்ணை."

"ஓம்" என்றார். அவருடைய ஒரு நாள் பேச்சே அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் முற்றத்தில் நின்று, பொத்தானை அழுத்தி, சமைத்தது முதல் சலித்தது வரை சொல்வேன். பதில் வராது. கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். (முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இது பழக்கம்.)

ஒன்பதாம் நாள் பொலிஸ் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. கடலைக் கண்காணிப்பவர்களுக்கு என் குரல் கேட்டிருக்கிறது. கடத்தல்காரன் என்று நினைத்து ஒவ்வொரு சொல்லையும் எழுதியிருக்கிறார்கள். அதிகாரி கொப்பியை விரித்தார்.

"திங்கள். 'மூண்டு கணவாய் வந்தது. ரெண்டு முடிஞ்சுது, ஒண்டு நாளைக்கு.' அந்த ஒண்டு ஆருக்கு?"

"எனக்குத்தான் சேர். கறிக்கு."

"செவ்வாய். 'அவ இண்டைக்கும் ஃபோன் எடுக்கேல்லை.' ஆர் அவ?"

"மனுசி."

"புதன். 'அண்ணை, கேக்குதோ? கேட்டால் ஒரு சத்தம் தாங்கோ...'"

அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. கொப்பியை மூடிவிட்டு, "அந்தப் பெட்டியில இருக்கிறது அந்த நாட்டுச் சட்டம் ஐயா. இஞ்ச இந்தச் செட்டுக்கு அங்கீகாரமும் வேணும், பாவிக்க அனுமதியும் வேணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சூசை அண்ணையையும் அழைத்திருந்தார்கள். அவருடைய செட் முதல் நாளே கடலுக்குள் விழுந்துவிட்டதாம்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"ஆசையாத் தந்தனீங்கள். சொல்ல ஏலாமல் போச்சு."

அப்படியென்றால், ஒன்பது நாளும் என் பேச்சைக் கேட்டவர்கள் என்னைப் பிடிக்க வந்தவர்கள் மட்டும்தான். மிஞ்சிய செட்டை வைத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள்.

மனைவியிடம் ஃபோனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவளும் சிரித்தாள். புதன்கிழமைக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவளுடைய அழைப்பு வந்தது. பின்னால் மகள் சிரிக்க, இவள் பொலிஸ் குரலில் கேட்பாள்: "நேற்று என்ன சமைச்சனீங்கள்? உண்மையைச் சொல்லோணும்!"

இப்போது அவள் வந்துவிட்டாள், சமைப்பதும் அவள்தான். ஆனாலும் அவள் ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் தங்கினால்கூட அந்த ஏழு மணி விசாரணை தவறுவதில்லை.