துருக்கி கம்மாயில் கரைந்த கதை

நான் துருக்கிக்குப் போனதில்லை. ஆனாலும் அந்த நாட்டின் ஒரு மாவட்டத்தை அடியோடு தண்ணீரில் கரைத்த குற்றத்தில் எனக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இந்த வயதில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (மறைத்தும் பயனில்லை. என் வீட்டம்மா ஊர் பூராவும் சொல்லிவிட்டாள்.)

அறுபதுகளின் தொடக்கம். கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நான் பூகோள வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து பாடம் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் கல்யாணம். தாடிக்கொம்பில் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, "தம்பி, ஆர்டர் வந்த மறுநாளே பரிசம் போட்டுருவோம். வரலேன்னா..." என்று இழுத்துவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அந்த இழுவைக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது.

இன்ஸ்பெக்டருக்கென்று நான் எடுத்துக்கொண்ட பாடம், துருக்கியின் உட்பகுதியில் ஒரு மாவட்டம். சுற்றிலும் மலை, நடுவில் மேட்டுச் சமவெளி, மழை குறைவு, கோதுமை, செம்மறியாடு, ஒரு உப்பு ஏரி, ஒட்டகத்தில் வந்த வியாபாரிகள் தங்கிப்போன பழைய கல் சத்திரம். படிக்கப் படிக்க நம்ம சீமை மாதிரியே இருந்தது. (ஒட்டகத்துக்குப் பதில் மாட்டுவண்டி, அம்புட்டுதான்.) சுவரில் மேப்பை மாட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? போதும். இருபத்துமூன்று வயதில் யாருக்குப் போதும் என்று தோன்றுகிறது?

அகலமான மூங்கில் தட்டில் களிமண்ணால் மலை எழுப்பினேன். உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி உப்பு ஏரி ஆயிற்று. மண்ணிலேயே ஒரு சத்திரம். கோதுமை வயலுக்குத்தான் மூளையைக் கசக்கினேன். எங்கம்மா மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவாள். தானியத்தை ஊறவைத்து, மண்ணும் எருவும் கலந்து விதைத்து, இருட்டறையில் வளர்த்து, கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கம்மாய்த் தண்ணீரில் கரைப்பாள். வெளிச்சம் படாததால் பயிர் பச்சை பிடிக்காமல் இளமஞ்சளாக நிற்கும். ஆம்பளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது. நான் சின்ன வயதில் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

இளமஞ்சள்! விளைந்த கோதுமை!

மலைக்கு நடுவே தானியம் விதைத்து, பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் தட்டை வைத்து, ஜன்னலைச் சாக்கால் மூடி, ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்தேன். ஆம்பளை முளைப்பாரி போட்டான் என்று தெரிந்தால் ஊரே திரண்டு தோலை உரித்திருக்கும். அந்த ஊர் அம்மனுக்கும் அதே வாரம்தான் திருவிழா. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் புத்தி வேலை செய்யவில்லை. (அதற்கும் திருவிழா லீவு போலிருக்கிறது.)

அன்று மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சாமான் அறை திறந்து கிடக்கிறது. துருக்கியைக் காணோம். பள்ளிக்கூடம் கூட்டும் இருளாயி அக்கா கண் கலங்கி நின்றாள்.

"கேட்டீகளா சாரு அதிசயத்த! வெளக்கமாறு எடுக்கலாம்னு கதவத் தொறந்தா, ஆத்தா தானா மொளைச்சு நிக்கிறா! மனுசர் யாரும் வெதைக்கல. கோயிலு, மலை, மொகம் பாக்கக் கண்ணாடி, அம்புட்டும் வச்சிருக்கா!"

"அக்கா, அது வந்து..."

"என்ன சாரு?"

"ஒண்ணுமில்ல. இப்ப எங்க அது?"

"கம்மாயில கரைக்கக் கொண்டு போறாக. இந்தா, நானும் போறேன்."

அதற்குள் தெருவில் குலவைச் சத்தம். வரிசையாகப் பெண்கள். நடுவில் ஒரு பெண்ணின் தலையில் துருக்கி. மலைக்கு மஞ்சள் பூசி, சத்திரத்துக்குக் குங்குமம் வைத்து, ஏரியில் வேப்பிலை செருகியிருந்தார்கள். "ஐயோ, துருக்கி போகுதே!" என்று என்னையறியாமல் கத்திக்கொண்டு ஓடினேன். எட்டாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

கம்மாய்க்கரையில் ஆம்பளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, தட்டை மெல்லத் தாழ்த்தினாள். மலை முதலில் போயிற்று. பிறகு சத்திரம். கோதுமை மட்டும் செத்த நேரம் மிதந்தது.

திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு. சுவரில் மேப்பை மாட்டி, மூச்சு வாங்க வாங்கப் பாடத்தை ஒப்பித்தேன். முடிந்ததும் அவர் முன்பெஞ்சுப் பையனை எழுப்பினார்.

"துருக்கி எங்கே இருக்கு?"

"கம்மாயில சார்."

அவர் பக்கத்துப் பையனைப் பார்த்தார். "இவன் சொல்றது சரியா?"

"தப்பு சார். இந்நேரம் கரைஞ்சிருக்கும்."

'ஆசிரியருக்கு இன்னும் ஒரு வருட அனுபவம் தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். விஷயம் தாடிக்கொம்புக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? அந்தச் சம்பந்தம் முறிந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அழுத வேகத்தில் இருளாயி அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் முதலில் என்னை ஏசினாள், அப்புறம் அம்மனிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தாள். செய்துவிட்டு ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். தட்டைச் சுமந்த செல்லம்மாவிடம்.

நாலாம் நாள் செல்லம்மாவின் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கொல்லைக் கதவைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

"வாத்தியாரே, ஒங்க பொழப்பக் கரைச்சுப்புட்டமேன்னு எம்மக சோறு தண்ணியில்லாமக் கெடக்கா. ஒங்களுக்குச் சம்மதம்னா ஒங்க வீட்டுப் பெரியவுகளக் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்."

"எனக்கு வேலை நிரந்தரமில்லையே" என்றேன்.

"வேலை கெடக்குது. மனுசன் நிரந்தரமா இருந்தாப் போதும்."

இருந்துவிட்டேன். வேலையும் அடுத்த வருடம் நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றாயிற்று. இன்றைக்கும் சாப்பாட்டில் உப்பில்லை என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், செல்லம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வருவாள்.

"ஒரு நாட்டையே தலையில தூக்கிட்டுப் போயிக் கரைச்சவ நானு. நீங்க எம்மாத்திரம்?"