ஸ்டெப்னி அண்ணனின் இரண்டாவது பெட்டி

மனிதனுக்கு இரண்டு கிட்னி வைத்ததற்காகக் கடவுளைப் பாராட்டி, இதயத்தை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டதற்காக அவர்மேல் புகார் கொடுக்கக்கூடிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து ஸ்டெப்னி அண்ணன்தான்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் அவர் மெயின்டெனன்ஸ். நான் ஸ்டோர்ஸ், அதாவது, யார் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லச் சம்பளம் வாங்குபவன். கம்பெனி பஸ்ஸில் அண்ணன் இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு குடை, இரண்டு டிபன் பாக்ஸ் சகிதம் ஏறுவார். “ஒண்ணு கொட்டிப்போச்சுன்னா இன்னா பண்ணுவே?” என்பார். கொட்டாத நாளில் இரண்டாவது பாக்ஸ் எனக்கு. அவருடைய கொள்கையை நான் தீவிரமாக ஆதரித்தேன்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒன்றுக்கு மட்டும் ஸ்டெப்னி இல்லை. அவர் மனைவி ஸ்டெல்லாக்கா சர்ச் கொயரில் பாடியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு பேச்சு கரகரவென்று வருகிறது, பாட்டு வருவதேயில்லை. முன்பு பாடியதெல்லாம் அண்ணன் வீட்டு ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தது. வைஃபையில் சேர்ந்துகொண்டு எல்லார் போனிலும் இருப்பதை வாங்கி வைத்துக்கொள்ளுமே, அந்தப் பெட்டி. அதில் ஒருநாள், டிஸ்க் பழுதாகப்போகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அண்ணன் இரண்டாவது பெட்டி வாங்கக் கிளம்பிவிட்டார். சுமக்க நான்.

கம்பெனியில் புது சப்ளையரை ஆடிட் செய்வது போலவே, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவை ஆடிட் செய்தார். பெட்டியைத் தட்டினார், முகர்ந்தார், காதில் வைத்துக் கேட்டார். உள்ளே போடவேண்டிய டிஸ்க்குகளைத் திருப்பி லாட் நம்பர் பார்த்தார்.

“இன்னா நைனா, ரெண்டும் ஒரே லாட்டா கீது?”

“ஃப்ரெஷ் சரக்கு சார்” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணா பொறந்தது ஒண்ணா படுத்துக்கும்பா. ஒண்ண மாத்திக் குடு.”

“சார், டிஸ்க் வாங்க வந்தீங்களா, ஜாதகம் பாக்க வந்தீங்களா?”

இரண்டாவது டிஸ்க்கை வேறு கடையில் வாங்கினோம்.

அடுத்த கேள்வி, எங்கே வைப்பது? “ஒரே வூட்ல வெச்சா, வெள்ளம் வந்தா ரெண்டும் ஜோடியா நீச்சலடிக்கும்” என்று, குன்றத்தூரில் என் வீட்டை ஆடிட் செய்ய வந்துவிட்டார். எறும்பு: ஃபெயில். வயரிங்: ஃபெயில். என் மனைவி கமலா மிக்ஸி போட்டதும் டியூப்லைட் கண்ணடித்தது: டபுள் ஃபெயில். எல்லாவற்றையும் ஃபெயிலாக்கிவிட்டு, அலமாரி மேல் பெட்டியை வைத்தார்.

“ஒண்ணுலகூட பாஸாகலியே அண்ணே?”

“நீ எதையும் தொடமாட்டே. செவுத்துல பாரு, போன வருஷக் காலண்டர் இன்னும் தொங்கிக்கினு கீது.”

“இவருக்குத் தோதான வேலைய இப்பதான் ஒருத்தர் கண்டுபுடிச்சிருக்கார்” என்றாள் கமலா.

அன்றுமுதல் அவர் வீட்டுப் பெட்டியில் சேர்வதெல்லாம் இன்டர்நெட் வழியாக என் வீட்டுப் பெட்டிக்கும் வந்தது. வந்ததாக நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஸ்டெல்லாக்காவோடு வந்தவர், வாசலிலேயே விசில் ஊதினார். கம்பெனியில் தீ விபத்து ஒத்திகைக்கு ஊதுகிற அதே விசில்.

“மாக் டிரில்! எங்க வூட்டுப் பெட்டி செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ. ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன். எல்லாத்தையும் இதுலேர்ந்து எடுக்கிறோம்.”

லேப்டாப்பைத் திறந்தார். கல்யாண போட்டோ வந்தது. ரேஷன் கார்டு வந்தது. கம்பெனி பஸ்ஸில் நான் வாய் பிளந்து தூங்கும் படம், பல கோணங்களில் வந்தது. ஸ்டெல்லாக்காவின் பாட்டு மட்டும் வரவில்லை.

அண்ணன் வெளிறிப்போனார். “பூட்டு போட்டேம்பா…”

யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று அந்த ஃபோல்டரை மட்டும், தன்னைத் தவிர யாரும் தொடமுடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார். நகல் எடுக்கிற ப்ரோக்ராமும் அந்த ‘யாரும்’தானே? அது மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறது.

பெண்கள் இருவரையும் லேப்டாப்போடு விட்டுவிட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் பறந்தோம். அவர் வீட்டுப் பெட்டியை ஆன் செய்தால், சிவப்பு விளக்கோடு பீப் பீப் என்று கத்தியது. ஒரு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. அதோடு ஒரே லாட்டில் பிறந்த மற்றொன்று முனகியது. அண்ணன் அதன்மேல் கைவைத்துக்கொண்டு, “எழுந்திரு கண்ணு” என்று கெஞ்சினார். பேசினால் நின்றுவிடுமோ என்று நான் மூச்சைக்கூடப் பாதிதான் விட்டேன்.

கடைசியில் அவர் போனில் ஃபோல்டர் தெரிந்தது. பூட்டைத் திறந்து நகலெடுக்க விட்டார். என் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஸ்டெல்லா, வருதா?”

பதிலுக்குப் போனில் பாட்டு கேட்டது. தெளிந்த, இளம் குரல். அது ஒரு வரி முடிவதற்குள் குறுக்கே இன்னொரு குரல் கரகரத்தது: “வந்துச்சுய்யா. கேக்குதா?”

அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ரெண்டும் கேக்குது” என்றார். மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார். “மூணாவது பெட்டி ஒண்ணு பாக்கணும்பா.”

இப்போதெல்லாம் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் ஃபேனை அண்ணாந்து பார்ப்பதில்லை. அலமாரி மேல்தான் பார்க்கிறோம்.